கோணல் பை

அத்தை மகளை வீட்டில் எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். நம்மவளுக்கு நத்தை என்று பெயர். இரண்டு பட்டத்தையும் சூட்டியவர் அத்தை வீட்டு மாமா. ஐந்து வயதில் இருவரும் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிய அழகை ஒருநாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அங்கேயே வைத்துவிட்டார். மின்னலுக்கு அந்தப் பெயர் நகை மாதிரி அமைந்துவிட்டது. நத்தைக்கோ முதுகில் ஏறிக்கொண்டது, பதினேழு வருஷமாக இறங்கவே இல்லை.

இருவரும் கண் பரிசோதனைப் படிப்பை ஒரே கல்லூரியில்தான் முடித்தார்கள். ஒரே கண் கிளினிக்கில் வேலையும் கிடைத்தது, ஆளுக்குப் பாதி நாள். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை நம்மவள், அதற்கு மேல் மின்னல். வந்தவரை உட்கார வைத்து, எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, எந்தக் கண்ணுக்கு எவ்வளவு பவர் என்று அட்டையில் எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் டாக்டரம்மா கண்ணாடிக்குச் சீட்டு எழுதுவார்.

இதுவரை பாதிக்குப் பாதி, சண்டையில்லை. மின்னல் சும்மா இருந்திருக்கலாம். காலைப் பொழுது வீணாகிறதே என்று பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் கண்ணைச் சோதிக்கும் இன்னொரு பாதி வேலையையும் பிடித்துவிட்டாள். அன்று முதல் அவள் கழுத்தில் இரண்டு அடையாள அட்டைகள் தொங்கின. கிளினிக்குடையது நீலப் பட்டையில், பள்ளிக்கூட வேலையுடையது சிவப்புப் பட்டையில். நடக்கும்போது இரண்டும் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும். அந்தச் சத்தம் மாடிப்படியில் கேட்டாலே நம்மவளுக்கு வயிறு எரியும். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, பொறாமைதான்.

அம்மாவாவது தன் பக்கம் நிற்பாள் என்று நினைத்திருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனாரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லாதவள் அம்மா. அவளே, "நாத்தனார் எப்படியோ, பொண்ணு கால்ல சக்கரம் கட்டிட்டு ஓடுறா. பார்க்கவே ஆசையா இருக்கு" என்றாள். நம்மவள் தட்டை வைத்த வேகத்தில் தண்ணீர்க் குவளை சாய்ந்தது.

அதற்குப் பிறகு தூக்கம் பிடிக்குமா? ஊரின் மறுகோடியில் ஒரு கண்ணாடிக் கடையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் போய் நின்றாள். மதியம் இரண்டிலிருந்து எட்டு வரை வேலை. கடைக்காரர் பேச்சை வளர்க்கவில்லை.

"ஒரு வாரம் வந்து பாரும்மா. உனக்கும் பிடிக்கணும், எனக்கும் பிடிக்கணும். சனிக்கிழமை ரெண்டு மணிக்குக் கையெழுத்து. அன்னைக்கு வரலைன்னா, வேற ஒரு பொண்ணு காத்திருக்கு."

அந்தக் கடையின் பட்டை மஞ்சள் நிறம். நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் எடுப்பாக இருக்கும் என்று அவள் அப்போதே கற்பனை செய்துவிட்டாள்.

விஷயத்தைச் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உன்னால முடியுமாடி?"

முடியுமா என்று மட்டும் கேட்டிருந்தால் உட்கார்ந்து யோசித்திருப்பாள். அந்த 'உன்னால' தான் அவளைச் சுட்டது.

வாரம் எப்படிப் போனது என்று கேட்டால் அவளுக்கே சரியாகத் தெரியாது. ஒன்று பத்துக்குப் பஸ். அதை விட்டால் அடுத்தது ஒன்றே முக்காலுக்கு. சாப்பாடு, பஸ் கம்பியைப் பிடித்தபடி. ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம் எடுத்துக்கொள்கிறவள், பஸ்ஸை நினைத்து அதை ஏழாக்கினாள். புதன்கிழமை கடையில் ஒருவருக்கு ஃபிரேம் மாட்டிவிடும்போது, இவர் ஆணா பெண்ணா என்று பார்க்காமலேயே முடித்துவிட்டோமே என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது கால் கீழே ஊன்ற மறுத்தது. வேண்டாம் என்று உடம்பு சொன்னது. இப்போது விட்டால், நத்தைதானே, அதுக்கு எதுக்கு இந்த வேலை என்று மாமா சிரிப்பார் என மனசு சொன்னது. சனிக்கிழமை காலை வரைக்கும் இரண்டில் எது ஜெயிக்கும் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டே முக்கால் இருக்கும். ஒரு தையல்கார அம்மா புதுக் கண்ணாடியை மூக்கில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு சட்டையோடு வந்து நின்றார். சட்டையை விரித்துக் காட்டினார். நெஞ்சுப் பை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"இருபது வருஷமா தைக்கிறேன். ஒரு பை கோணலா போனதில்ல. இந்தக் கண்ணாடி போட்டதுல இருந்து ஊசி ஒரு பக்கம், துணி ஒரு பக்கம். கடையில கேட்டா பழகிடும்கிறாங்க. எனக்குத் தலைவலிதான் பழகியிருக்கு."

நம்மவள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு கண்ணிலும் லென்ஸ் வைத்துச் சோதித்தாள். இரண்டே நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. வலது கண்ணுக்கானது இடதில், இடதுக்கானது வலதில். எதிரே உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு, வந்தவரின் வலது கண் தன் இடது கைப் பக்கம்தானே இருக்கும்? அவசரத்தில் மாற்றி எழுதிவிடலாம். முதல் வருஷ மாணவர்கள் செய்கிற தப்பு.

"யாரும்மா பார்த்தாங்க?"

"முகம் யாருக்குத் தெரியும்? கண்ணாடியைக் கழட்டிட்டா எனக்கு எல்லா முகமும் ஒண்ணுதான். திங்கக்கிழமை, ஒரு மணி வாக்குல வந்தேன். ஆனா அந்தப் பொண்ணு என்ன வேகம்! உட்கார்ந்தேன், எழுந்தேன், அவ்வளவுதான்."

வேகம்! அந்த ஒரு வார்த்தை நம்மவள் காதில் தேனாகப் பாய்ந்தது. இந்தக் கிளினிக்கில் வேகம் என்றால் யார்? ஒரு மணி வாக்கில் வருவது யார்? தலைகால் புரியவில்லை அவளுக்கு. அட்டையைத் தேடி எடுத்துப் பார்க்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நேரே டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

"நான் யாரையும் குறை சொல்லல டாக்டர். பாவம், அவளுக்கும் ரெண்டு வேலை, அலைச்சல். கவனம் சிதறத்தானே செய்யும்? ஆனா வந்தவங்க கண்ணு இல்லையா..."

இந்தப் பேச்சை அவள் மனசுக்குள் எத்தனை நாளாகத் தைத்து வைத்திருந்தாளோ, ஒரு தையலும் பிசகாமல் வந்தது. டாக்டரம்மா இழுப்பறையைத் திறந்து, திங்கட்கிழமைக் கட்டைப் பிரித்து, ஓர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதற்குள் வாசலில் அடையாள அட்டைகள் மோதுகிற சத்தம். மின்னல் வந்துவிட்டாள்.

மேஜைமேல் இருந்த அட்டையில் ஏழு என்ற எண்ணுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டிருந்தது. குடும்பத்திலும் சரி, கிளினிக்கிலும் சரி, ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிற ஆள் ஒரே ஒருத்திதான்.

"இது யார் எழுத்து?" என்றார் டாக்டரம்மா.

நம்மவள் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மின்னல் எட்டிப் பார்த்தாள். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"டாக்டர், திங்கக்கிழமை நான் லேட். ஸ்கூல்ல விடல. கூட்டம் பூரா இவ தலையில விழுந்துடுச்சு."

பொய். திங்கட்கிழமை அவள் ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்திருந்தாள். அது நம்மவளுக்கும் தெரியும். அவள் போட்டுக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். காப்பாற்றினாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

"யாரா இருந்தா என்ன, அந்த அம்மாவுக்கு முதல்ல இருந்து பாருங்க" என்று டாக்டரம்மா அட்டையை நீட்டினார்.

வெளியே வந்ததும் மின்னல் சட்டென்று அதை வாங்கிக்கொண்டாள். "நீ கிளம்புடி. ஒன்னு பத்தை விட்டுடாத. இன்னைக்குத்தானே கையெழுத்து? இவங்கள நான் பார்த்துக்கிறேன்."

ஓடியிருக்கலாம். ஓடினால் மஞ்சள் பட்டை. ஆனால் இவள் தப்பை அவள் உட்கார்ந்து திருத்துவாள், அதையும் ஐந்து நிமிஷத்தில் திருத்துவாள். அதை நினைத்தபோது உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நல்ல புத்தி வந்து அவள் நின்றாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொறாமைதான் அவளைப் பிடித்து நிறுத்தியது.

"கொண்டா இங்க. நான் பார்க்கிறேன்" என்று அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, கடைக்காரருக்குப் போன் போட்டாள். "சார், நான் வரல. இல்ல சார், இன்னைக்கு மட்டும் இல்ல. இனிமேலும் வர முடியாது."

"ஏம்மா? நல்ல சுறுசுறுப்பா இருந்தியே!"

அவளைச் சுறுசுறுப்பு என்று சொன்ன ஒரே மனிதர் உலகத்தில் அவர்தான். வேலை போனதற்கு வராத அழுகை அதற்கு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள்.

அரைமணி நேரம் ஆயிற்று. ஒரு கண்ணை மூடி, ஒரு லென்ஸைச் செருகி, "இது நல்லா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தாள். வெளியே ஒன்று பத்து பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்த அம்மா சுவரில் கடைசி வரியைத் தடுமாறாமல் படித்தார். பிறகு சோதனைக் கண்ணாடியோடு திரும்பி, இவளை முதல் தடவையாகப் பார்த்தார்.

"ஓ, இதான் உன் முகமா? நீதாம்மா பொறுமையா பார்த்தே. அன்னைக்குப் பார்த்தாளே, அந்த வேகக்காரி, அவ யாரு?" அவர் பார்வை கதவுப் பக்கம் போனது. அங்கே மின்னல் கழுத்தில் இரண்டு பட்டையோடு சாய்ந்து நின்றிருந்தாள். "அவளா?"

ஆமாம் என்று நம்மவள் லேசாகத் தலையை ஆட்டினால் போதும். பதினேழு வருஷக் கணக்கு அந்த அறையிலேயே தீர்ந்துவிடும்.

"நான்தாங்க" என்றாள் நம்மவள்.

தையல்கார அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். எழுந்திருக்கப் போனவர் மறுபடி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"அப்படின்னா இன்னொரு தடவை பார்த்துடும்மா."

கதவருகே மின்னலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நம்மவளுக்கு அப்போதும் வயிறு எரிந்தது. எரியும் வயிற்றோடு லென்ஸ்களை எல்லாம் கழற்றித் துடைத்தாள். அந்த அம்மாவின் வலது கை எது என்று ஒருமுறை நின்று பார்த்துக்கொண்டு, வலது கண்ணிலிருந்து ஆரம்பித்தாள்.