பிரேக்கில் இருந்த கால்

பேருந்து ஓட்டுநர் பிரேக்கில் வைத்த காலை எடுக்காததால், ஒன்றரை வருடமாக அவர் ஏறிய எந்த வண்டியும் நகரவில்லை. குடை ரிப்பேர்காரர் ஒருவர் அவருடைய பேருந்தில் அடிபட்டு இறந்த மதியம் தொடங்கியது இது. காற்றில் குடை விரிந்து அந்த மனிதரின் முகத்தை மறைத்துவிட்டது. விசாரணையிலும் ஓட்டுநர் மேல் தவறில்லை என்றே முடிவாயிற்று. நடக்கும்போது அவருக்கு ஒன்றுமில்லை. எதிலாவது ஏறினால் போதும், வலது கால் தானாகக் கீழே அழுத்தத் தொடங்கிவிடும். ஆட்டோ உறுமும், புகை கக்கும், நின்ற இடத்திலேயே நிற்கும். லிஃப்டும் அவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் மேலே போகும். ஊர் கொஞ்ச நாள் வாயைப் பிளந்து பார்த்தது, பிறகு பழகிக்கொண்டது. டிப்போவில் அவருக்கு டயர்களுக்குக் காற்றடிக்கும் வேலை கொடுத்தார்கள்.

மனைவிக்கு நெஞ்சுவலி வந்தபோதுதான் இது விளையாட்டு விஷயமில்லை என்று ஆயிற்று. ஆம்புலன்ஸில் அவரும் ஏறி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் அலறியபடி வாசலிலேயே நின்றது. நர்ஸ் கெஞ்சிக் கூத்தாடி அவரை இறக்கிவிட்ட பிறகே அது பறந்தது. செருப்பில்லாமல் பின்னால் ஓடினார் பாவம். மனைவி பிழைத்துக்கொண்டார், ஆனால் தலைநகரத்துக்குப் போய் இதயத்தில் ஆபரேஷன் செய்தாக வேண்டும், மழைக்காலம் முடிவதற்குள் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்கூட்டியே கிளம்பி நடந்தே வந்து சேர்ந்துவிடுகிறேன் என்றார் ஓட்டுநர். மனைவியோ ஒரே பிடிவாதம். "வழியெல்லாம் நீங்க கூட இருக்கணும். இல்லேன்னா நான் போகமாட்டேன். மொதல்ல அந்தக் காலைச் சரி பண்ணிட்டு வாங்க."

மனநல ஆலோசகரின் அறை தையல்கடைக்கு மேலே இருந்தது. வருகிறவர்களை அந்த அம்மாள் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்காரவைப்பார். தனக்கு வேண்டிய தூரத்துக்கு அவரவரே தள்ளிப் போய்க்கொள்ளலாம். ஓட்டுநர் உட்கார்ந்ததும் நாற்காலி தரையில் வேர்விட்டது போல நின்றுவிட்டது. கதையைக் கேட்ட ஆலோசகர் மனம் தாங்காமல், "இதுல உங்க தப்பு எதுவுமே இல்லீங்க" என்றார். ஓட்டுநரின் காலடியில் இருந்த டைல் படீரென்று வெடித்தது. ஊரே அதைச் சொல்லிச் சொல்லித்தான் அந்தக் கால் இறுகிப்போயிருந்தது. தானும் அதையே சொன்னதை ஆலோசகர் உணர்ந்தார். அடுத்த வாரம், "போன தடவை அவசரப்பட்டுட்டேன். சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். இனிமே நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்றார்.

அதன் பிறகு ஆலோசகர் இழுக்கவுமில்லை, தள்ளவுமில்லை. ஓட்டுநர் அந்தச் சாலையைச் சொல்லிக்கொண்டே வருவார், ஓரிடத்தில் நிறுத்திவிடுவார். "அங்கேயே நிப்போம். என்ன தெரியுது?" என்பார் ஆலோசகர். ஒரு வாரம் கண்ணாடியில் ஒட்டிய இலை தெரிந்தது. இன்னொரு வாரம் குடையின் கிழிசல். இதற்குள் மழை பிடித்துக்கொண்டது, மனைவியின் உதடுகள் நீலம் பாரித்தன. அப்போதும் ஆலோசகர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் ஒரு மதியம், யாரிடமும் சொல்லாததை ஓட்டுநர் சொன்னார்: "காலை எடுத்தா வண்டி மறுபடியும் அவர் மேல ஏறிடும், மேடம்."

ஆலோசகர் காலி நாற்காலி ஒன்றை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டார். "அப்ப அவரை ரோட்டுலேர்ந்து எழுந்து வரச் சொல்லுங்க."

ஓட்டுநர் கூப்பிட்டார். குடை ரிப்பேர்காரர் படியேறி வந்து, ஈரக் குடையை மூலையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். படியெல்லாம் தண்ணீர் ஆக்கிவிட்டார் என்று தையல்காரர் கீழேயிருந்து சத்தம் போட்டார். "உன் பஸ்ஸைப் பிடிக்கத்தான்பா ஓடி வந்தேன்" என்றார் குடை ரிப்பேர்காரர். "நீ பிரேக் போட்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சு. இன்னும் எவ்வளவு நேரம்தான் நிறுத்தி வைப்ப?" ஓட்டுநர் விம்மி விம்மி அழுதார், கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அழுது ஓய்ந்தபோது வலது பாதம் மெல்ல மேலே வந்தது. நாற்காலி அறையின் குறுக்கே விர்ரென்று ஓடி அலமாரியில் மோதியது. ஆலோசகர் கைதட்டினார், அப்படிச் செய்யச் சொல்லி அவருக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை.

இரண்டு நாள் கழித்துத் தலைநகரத்துப் பேருந்தை அவரே எடுத்தார். மனைவி அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தார். டிப்போவே வாசலில் திரண்டு நின்றது. நடத்துனர் விசிலை வாயில் வைப்பதற்குள் மனைவியே, "போலாம், ரைட்!" என்று குரல் கொடுத்தார். வண்டி நகர்ந்தது, டயருக்குக் காற்றடிப்பவர்கள் தொப்பியை மேலே வீசிக் கூவினார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது மனைவி மாடிப்படி ஏறிக்கொண்டே கணவரைத் திட்டுகிறார், மூச்சு வாங்குவதில்லை.

அன்று அவர்களோடு ஏறிய குடை ரிப்பேர்காரர் அந்தப் பேருந்தின் ஜன்னலோரத்தில் இன்னும் போய்வந்துகொண்டிருக்கிறார். இறங்க வேண்டிய இடம் எப்போதோ வந்துவிட்டது, அவர்தான் இறங்கவில்லை. நடத்துனர் அவரிடம் டிக்கெட் கேட்பதை விட்டுவிட்டார். மழை நாட்களில் கம்பி முறிந்த குடையோடு ஏறுகிறவர்கள் அவர் பக்கத்தில் இடம் பிடிக்கப் பார்க்கிறார்கள். அவர்கள் இறங்குவதற்குள் சரிசெய்து கொடுத்துவிடுகிறார்.