இடப்பக்க சீற்றின் மரண அறிவித்தல்கள்

சுபாங்கனின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் இடப்பக்க சீற்றுக்கு எந்த உறை போட்டாலும், மறுநாள் விடியும்போது அதில் ஒரு பழைய பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கம் அச்சாகியிருந்தது. எழுத்து நல்ல தெளிவு. புத்தூர்ச் சந்தியில் அதை வாசித்தவர்களில் தன் மாமியாரின் அறிவித்தலைக் கண்டவரும் உண்டு; படம் பத்திரிகையில் வந்ததைவிடத் துலக்கமாக இருப்பதாக அவர் சொன்னார்.

இரண்டே சீற் உள்ள பழைய யப்பான் கார் அது. வாங்கும்போது உள்ளுக்கு எல்லாம் பாழ்: டாஷ்போட் வெடித்து, கதவு மட்டைகள் வீங்கி, கியர்த் தடியின் தோல் கிழிந்து கிடந்தது. மற்றப் பெடியள் எஞ்சினைப் பற்றிக் கதைப்பார்கள், இவனுக்கு உள்வேலைதான் பைத்தியம். ஒவ்வொன்றாகக் கழற்றி, புதிதாகத் தருவித்துப் பூட்டினான். கடைசியாக சீற்றுகளுக்குப் பால் நிறத் தோல். அது யார் இருப்பதற்கு என்பது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கம்பசில் அவனோடு படித்த எல்லாருக்கும் தெரியும். கோபிகாவுக்கு. அவளின் தகப்பன் இளையதம்பி சுபாங்கன் வீட்டு வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்பவர். அந்த வீட்டில் அவருக்குத் தேத்தண்ணி இன்றைக்கும் தனித் தகரப் பேணியில்தான். "என்ரை வீட்டார் மாதிரி நான் இல்லை" என்று சுபாங்கன் அவளிடம் சொல்லியிருந்தான். அவளும், பாவம், பாதி நம்பியிருந்தாள்.

ஒரு மத்தியானம் இளையதம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரம்பில் இருந்துவிட்டார். சுபாங்கன்தான் ஓடிப்போய்க் காரைக் கொண்டுவந்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கதவைத் திறந்த கை, அவனைக் கேட்காமலே, சீற்றுக்குப் பின்னால் கிடந்த பழைய பத்திரிகையை எடுத்து சீற்றில் விரித்தது. கை தன்பாட்டில் செய்தது என்று பிறகு சொன்னான். புத்தூரில் அதை ஒருவரும் பொய் என்று சொல்லமாட்டோம். "ஓம் தம்பி, விரியுங்கோ, உடம்பெல்லாம் சேறு" என்றார் இளையதம்பி. ஆஸ்பத்திரி போய்ச் சேருமட்டும் அவர் சாயவே இல்லை. அவ்வளவு நோவோடும் சீற்றின் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தார். பிழைத்தும் கொண்டார்.

அடுத்த நாள் அந்தப் பக்கத்தின் எழுத்து சீற்றில் வந்தது. சுபாங்கன் பெற்றோல் போட்டுத் துடைத்தான், பிறகு உறையை மாற்றினான். கறுப்புத் தோலில் எழுத்து வெள்ளையாக வந்தது, துணியில் தையலாக வந்தது. முழு சீற்றையே கொழும்பிலிருந்து இறக்கினான். அதிலும் வந்தது, நுனி மட்டும் தேய்ந்து. குசன் வேலை செய்யும் றஜிந்தன், "அண்ணை, உறையிலை பிழை இல்லை. இனி என்னட்டைக் கொண்டராதேங்கோ. வாசிக்கவெண்டு சனம் கடையை மறிச்சுக்கொண்டு நிக்குது" என்று சொல்லிவிட்டான். சுபாங்கனை வெட்கம் பிடுங்கித் தின்றது. சோற்றை முன்னால் வைத்தால் தன் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். கோபிகா காரில் ஏறக் கேட்கும்போதெல்லாம் காரில் இன்னும் வேலை முடியவில்லை என்றான்.

கடைசியில் ஒருநாள், இளையதம்பியைக் கிளினிக்குக்குத் தானே கூட்டிப்போவதாகத் துணிந்து சொன்னான். அவரை வடிவாகச் சாய்த்து இருத்திவிட்டால் எழுத்துப் போய்விடும், பிறகு கோபிகாவின் முகத்தைப் பார்த்துக் கதைக்கலாம் என்பது அவன் நினைப்பு. இளையதம்பி வெளுத்த வேட்டியோடு படலை வாசலுக்கு வந்தார், பின்னால் கோபிகாவும். கக்கத்தில் மடித்த பத்திரிகை. கதவைத் திறந்து, அதை அச்செழுத்துகளுக்கு மேல் சுருக்கம் இல்லாமல் விரித்தார்.

"தம்பிக்குக் கரைச்சல் வேண்டாமெண்டு நானே கொண்டந்தனான்" என்று சிரித்தார். பிறகு நுனியில் இருந்தார்.

கோபிகா தாளைப் பார்த்தாள், தாளின் ஓரத்தில் தெரிந்த எழுத்தைப் பார்த்தாள். "அப்பாவுக்கு உந்தப் பழக்கம் ஆர் குடுத்தது?" என்று சுபாங்கனைக் கேட்டாள். "இறங்குங்கோ அப்பா, பஸ்ஸிலை போவம்" என்றாள். அவனிடம், "போறன்" என்றாள். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்குப் போகிறவரும் 'போயிட்டு வாறன்' என்றுதான் சொல்வார்.

சுபாங்கன் அதற்குப் பிறகு உறை மாற்றவில்லை. சீற்றில் இப்போது இரண்டு பத்திரிகைகள் இருக்கின்றன, ஒன்றின்மேல் ஒன்று, இரண்டையும் வாசிக்கலாம். சந்தியில் யார் கைகாட்டினாலும் ஏற்றுகிறான். "சாய்ஞ்சு இருங்கோ, தயவுசெய்து சாய்ஞ்சு இருங்கோ" என்று கெஞ்சுகிறான். நாங்களும் ஓம் ஓம் என்று சொல்லி, நுனியில் இருந்துகொண்டு போகிறோம்.