விளக்குக்குக் காவல்

அப்பா கிருஷ்ணசாமி முப்பத்திரண்டு வருஷம் தீயணைப்புத் துறையில் இருந்தார். புதுச்சேரியில் எரிந்த குடோன், குடிசை, கிணற்றில் விழுந்த பசுமாடு எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அத்தனை புகைக்கும் தப்பியவர், ஓய்வு பெற்ற நாலாம் வருஷம், காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் போய்விட்டார்.

ஊருக்கு அவர் நல்ல மனிதர். வீட்டுக்குப் பெரிய தொல்லை. ஆளில்லாத இடத்தில் நெருப்பு இருக்கக் கூடாது என்பது எங்கள் ரெட்டியார்பாளையம் வீட்டின் சட்டம். சாமி விளக்கை மலையேற்றிய பிறகுதான் அம்மா அந்த இடத்தை விட்டு நகரலாம். கொசுவர்த்திக்குக்கூடக் காவல் உண்டு. என் கல்யாணத்தில் ஓமகுண்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு சிவப்பு வாளி நிறைய மணல் கொண்டுவந்து வைத்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு முறைத்தார். ஆல்பத்தில் எந்தப் படத்தைப் புரட்டினாலும் அந்த வாளிகள்தான். மாமியார் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

தீபாவளிக்கு அவருக்கு லீவே கிடையாது. ஊரெல்லாம் வெடித்து ஓய்ந்த மறுநாள், அவர் வந்து தூங்கி எழுந்த பிறகுதான் எங்களுக்கு எண்ணெய்க் குளியலும் புதுத்துணியும். எனக்கும் தம்பிக்கும் அவரே தலையில் எண்ணெய் வைப்பார். எத்தனை சோப்புப் போட்டாலும் புகை வாசனை போகாத கை. அது இனி இல்லை.

அவர் போன பிறகும் அவர் சட்டத்தால் ஒரு சிக்கல் வந்தது. உடலைக் கிடத்திய இடத்தில் ஏற்றும் விளக்கு, கருமாதி வரைக்கும் பதினாறு நாளும் அணையக் கூடாது. அந்த முறையைக் காப்பாற்றத்தான் அப்பாவின் அக்கா, தையல்நாயகி அத்தை, வில்லியனூரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியிருந்தார். விளக்கு அணையவும் கூடாது, ஆளில்லாமல் எரியவும் கூடாது. வேறு வழி? நானும் தம்பி அறிவுமதியும் அம்மாவும் ஷிஃப்ட் போட்டுக் காவல் இருந்தோம்.

"வெளக்குக்கு வாட்ச்மேன் போட்ட குடும்பத்த இப்பதான் பாக்குறேன்" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

பாதி ஷிஃப்டை அம்மாவே எடுத்துக்கொண்டாள். சரியாகத் தூங்கவில்லை. அப்பா போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பதினோராம் நாள் மதியம் தம்பி கருமாதிப் பத்திரிகை அடிக்கப் போயிருந்தான். நானும் அத்தையும் கடைக்குப் போனோம். அம்மா மட்டும் காவல். நாங்கள் திரும்பி வந்தபோது விளக்கு எரியவில்லை. அகலில் எண்ணெய் தளும்பிக்கொண்டிருந்தது. அம்மா தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"காத்துல அணைஞ்சிருக்கும், அத்த" என்றேன் அவசரமாக.

"இல்லடி. நான்தான் அணைச்சேன்." ஈரக்கையோடு அம்மா உள்ளே வந்து நின்றாள்.

அத்தை பையைக் கீழே போட்டார். "அய்யய்யோ! என் தம்பி போற வழி இருட்டாப் பூடுமேடி! ஏன் பாக்கியம், ஒனக்குப் புத்தி பெசகிப் போச்சா?"

அத்தை திரும்பவும் விளக்கை ஏற்றினார். ஏற்றினாலும் போனது போனதுதான் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவரை அடுத்த பஸ்ஸில் வில்லியனூருக்கு ஏற்றிவிடலாம் போலிருந்தது. ஆனால் அவர் திட்டியது பெரிதில்லை. அம்மா அதை அப்படியே நம்பிவிட்டாள். தன் கையாலேயே புருஷனை இருட்டில் தள்ளிவிட்டதாக நினைத்து, சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் காபியோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏம்மா அணைச்ச? சொன்னாத்தானே தெரியும்."

அம்மா டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"துணி காயப்போடணும்னு எழுந்தேன். கூடத்துல யாரும் இல்ல. அவரு வர்ற நேரமாச்சே, வந்து பாத்தா திட்டுவாரேன்னு அணைச்சிட்டேன்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு இல்லன்றது அப்போ எனக்கு ஞாபகமே வரலடி, சங்கரி."

சொல்லிவிட்டு அழுதாள். பதினொரு நாள் அழுகையும் ஒன்றாக வந்தது. நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நிமிர்ந்தபோது அத்தை வாசற்படியில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து, விளக்குக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"நீ போயிப் படு, பாக்கியம். நான் இங்கியே இருக்கேன். அவன் வந்தா என்னைத் திட்டட்டும்."