இருபத்து மூன்றாவது குறை

சண்முகப்பிரியாவின் நோட்டில் இடது பக்கம் கடுப்புக்கு, வலது பக்கம் குஷிக்கு. எந்த விளையாட்டையும் மூன்று தடவையாவது ஆடிப் பார்க்காமல் அவள் ஒரு வரி எழுதமாட்டாள். தோற்றால் முதலில் தன் விரல்களைத்தான் சந்தேகப்படுவாள். விழுந்த இடத்திலிருந்தே எழுப்பிவிடும் விளையாட்டுகள் வலது பக்கம் போகும். கடைசித் தாவலில் தவறியதற்கு முதலிலிருந்து ஆடச் சொல்பவையும், நடக்கக் கற்றுக்கொடுப்பதற்கே பத்து நிமிடம் எடுப்பவையும் இடது பக்கம். எழுதிய பிறகும், ‘எனக்குத்தான் ஆடத் தெரியவில்லையோ’ என்று ஓரத்தில் பென்சிலால் சேர்த்துவிடுவாள்.

பகலில் திருச்செங்கோட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கும் வேலை. மாலை ஆறு மணிக்கு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில், செல்போன் விளையாட்டு உருவாக்கக் கற்றுத்தரும் வகுப்பு. அங்கேதான் சபரிநாதன் பழக்கம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் கடைந்து தரும் லேத் பட்டறையிலிருந்து நேராக வருவான்; விரல் இடுக்கில் கிரீஸ் கறை இருக்கும். ஒருநாள் அவள் நோட்டை வாங்கிப் படித்தவன், ஓரத்துப் பென்சில் வரிகளைக் காட்டினான்.

“இதெல்லாம் எதுக்குங்க? நீங்க எழுதுனது சரியாத்தான இருக்குது. இந்தச் சந்தேகத்த அழிச்சுப் போடுங்க.”

இதுவரை யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்கு டைரியில் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்தாள். பிறகு அவனைப் பற்றி நிறையவே எழுதினாள். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வகுப்பில் வெள்ளிக்கிழமைகளுக்கென்று ஒரு முறை உண்டு. ஒருவர் செய்த விளையாட்டை இன்னொருவர் ஆடிப் பார்த்து, குறை நிறைகளை எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டும். வாசித்து முடியும்வரை செய்தவர் வாய் திறக்கக் கூடாது. ஆடுகிறவர் வீட்டுக்கெல்லாம் போய் விளக்கம் சொல்ல முடியாது அல்லவா என்பார் வகுப்பெடுக்கும் அறிவழகன். சபரிநாதன் தன் விளையாட்டை அவளிடம்தான் கேட்டுக் கொடுத்தான். ஒளிக்காமல் எழுதச் சொன்னான்.

அது போர் போடும், அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டும் விளையாட்டு. ஒரு விவசாயக் காடு, ஓரத்தில் ஒரு வேப்பமரம். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடப்பார். தேங்காய் எழுந்து நிற்கும் இடத்தில் ரிக்கை நிறுத்தித் துளை ஓட்ட வேண்டும். நூறு அடி, முந்நூறு, எண்ணூறு. வெறும் புழுதிதான் பறக்கும். அடுத்த இடம். மறுபடியும் புழுதி. மரத்தடியில் தலைத்துண்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு போர் முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போவார், அடுத்த போருக்குத் திரும்ப வருவார். அவள் அதை நான்கு தடவை ஆடினாள். நான்கு தடவையும் ஐந்தாவது போரோடு வெறுத்துப்போய் நிறுத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை முப்பத்தொரு குறைகளை வாசித்தாள். ஓரத்தில் ஒரு பென்சில் வரிகூட இல்லை. நான்காவது: தேங்காய் பொய் சொல்கிறது, ஆடுகிறவரை நம்ப வைத்து ஏமாற்றுவது மோசமான வடிவமைப்பு. ஒன்பதாவது: துளை இறங்கும் நேரத்தைத் தாண்டிப்போக வழியில்லை. இருபத்து மூன்றாவது: மரத்தடியில் இருப்பவருக்கு எந்த வேலையும் இல்லை, தொட்டாலும் எதுவும் நடப்பதில்லை, நீக்கிவிடலாம். அப்போது பின்பெஞ்சில் யாரோ, “சும்மா உக்காந்திருக்க அவரென்ன மாப்பிள்ளையா” என்றார்கள். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

சபரிநாதன் முறையை மீறவில்லை. வாசித்து முடித்ததும், “எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டனுங்க” என்று மட்டும் சொன்னான். இதுவரை வகுப்பில் இவ்வளவு நல்ல பட்டியலை யாரும் எழுதியதில்லை என்றார் அறிவழகன்.

அடுத்த வாரம் அவன் வகுப்புக்கு வரவில்லை. புதன்கிழமை வாட்ஸப்பில் திருத்திய விளையாட்டை அனுப்பியிருந்தான். அவள் செல்போனில் பழையதன் மேலேயே அதை ஏற்றினாள்; பழையது போய்விட்டது. தேங்காய் இப்போது உண்மை பேசியது. மூன்றாவது போரில் நானூறு அடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. காடு முழுக்கப் பச்சையானது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நோட்டில் முதல்முறையாக ஒரு விளையாட்டு இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாறியது. அடியில், ‘நான் சொன்னதைக் கேட்டான்’ என்று எழுதினாள்.

மறுநாள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் சித்ரா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்கேன் சென்டரில் கூட வேலை செய்பவள், சபரிநாதனின் ஊர்க்காரி. அவன் செய்த விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கிறேன் என்று சண்முகப்பிரியா பெருமையாகச் சொன்னாள். சித்ரா செல்போன் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“அதுல அவங்கப்பா எப்படி இருக்காரு? அச்சு அசலா வந்திருக்காரா?”

“எந்த அப்பா?”

“மரத்தடியில உக்காந்திருப்பாராமே. அதுக்காகத்தான் அந்தக் கேமே பண்றேன்னு எங்க அண்ணன்கிட்டச் சொல்லிச்சாம். அவங்க காட்டுல ஏழு போர் போட்டாங்க பிரியா. சொட்டுத் தண்ணி இல்ல. ஏழாவது போர் ஓடி முடிஞ்சு வண்டிக்காரங்க ஊட்டுக்குப் போலாம் வாங்கன்னு கூப்பிட்டாங்களாம். மனுசன் மரத்துல சாஞ்ச வாக்குலயே போயிட்டாரு.”

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. சித்ரா வேறு ஏதோ பேசிக்கொண்டு வந்தாள். சண்முகப்பிரியாவுக்குக் காதில் விழுந்தது வகுப்பின் சிரிப்பு. அதில் தன் குரல் தனியாகக் கேட்டது. ஏழு போர். அவள் ஐந்தில் நிறுத்தியிருந்தாள். ஆறும் ஏழும் என்ன காட்டின என்று அவளுக்குத் தெரியாது.

டோக்கன் மேசையில் உட்கார்ந்து, அடித்து அடித்து அழித்த பிறகு, ஒரு வரி அனுப்பினாள். பழைய விளையாட்டு வேண்டும், கடைசிவரை ஆடிப் பார்க்க வேண்டும். மத்தியானம் பதில் வந்தது.

“அது இல்லீங்க. நீங்க படிச்ச அன்னைக்கே இருபத்து மூணாவதத் திருத்திப் பழச அழிச்சுட்டேன். சனிக்கிழமை ரிக் வண்டியில வேலைக்குச் சத்தீஸ்கர் வந்துட்டனுங்க, வர ஆறு மாசம் ஆகும். வண்டியில உக்காந்துதான் மிச்சத்தத் திருத்துனேன். இப்ப நல்லா இருக்குதுங்களா?”

ஒளிக்காமல் எழுதச் சொன்னவன். அவள் ‘நல்லா’ என்று அடித்தாள். அதையும் அழித்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் விளையாட்டைத் திறந்தாள். மூன்றாவது போரில் தண்ணீர் வந்தது, காடு பச்சையானது. ஓரத்தில் வேப்பமரம் இருந்தது, அதன் நிழலும் இருந்தது. நிழலில், அவர் உட்கார்ந்திருந்த இடத்தில், விரலை வைத்துத் தொட்டாள். மறுபடியும் தொட்டாள். மூன்று தடவைக்கு மேலும் தொட்டாள். எதுவும் நடக்கவில்லை.