இருட்டில் ஆடு தெரியும் கேமரா

யோகலட்சுமி கேமரா தேடத் தொடங்கியது மார்கழியில். இப்போது சித்திரையில் பாதி போய்விட்டது. ஓரியன் நட்சத்திரக் கூட்டம் இருட்டும்போதே மேற்கில் தாழ்ந்து நின்றது. வைகாசியில் கண்ணில் படாது. மறுபடி சாயங்காலத்தில் எழுந்து வர அடுத்த மார்கழி ஆகும். அதுவரை அம்மாவின் வலது கண் தாங்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. இடது கண் ஏற்கெனவே போய்விட்டது.

புதூர்க் காடுகளில் ஆட்டுக் கிடை போட்ட காலத்தில் அம்மா வெள்ளைத்தாய் மல்லாந்து படுத்து அந்தக் கூட்டத்தில் புகை போல ஒன்றைப் பார்த்திருக்கிறாள். அது நட்சத்திரங்கள் பிறக்கிற மேகம் என்று மகள் அவளுக்குக் காட்ட வேண்டும். தொலைநோக்கியில் கண் வைத்தால், “கறுப்பாத்தான் இருக்குட்டி” என்கிறாள். டிவியை மட்டும் கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்க முடிகிறது. அதனால்தான் கேமரா.

ஒளியைப் பல விநாடி சேர்த்து வைத்துப் படமாக்கும் கேமரா ஒன்றை அவள் தையிலேயே தேர்ந்தெடுத்துவிட்டாள். பிறகு சந்தேகம் வந்தது. விளம்பரத்தில் சொன்னது உண்மைதானா? தன் தொலைநோக்கிக் குழாயில் பொருந்துமா? தினமும் மாலையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒப்பிட்டாள். மாசி போனது, பங்குனி போனது. இனி வெளியூரிலிருந்து வரவழைத்தால் நேரமிருக்காது.

கோவில்பட்டியில் செல்வகணேஷ், ஆட்டுக் கொட்டங்களுக்குத் திருட்டுப் பயத்துக்காகக் கேமரா மாட்டுகிறவர். அவள் கடைக்குப் போனதும் திரையில் ஒரு கொட்டத்தைக் காட்டினார்.

“அங்கன லைட்டே கிடையாது. குட்டி அசைபோடுறதுகூடத் தெரியுது பாரு. நட்சத்திரம் என்ன, ஆட்டவிடச் சின்னதா?”

“அது தூரத்துல இருக்கே, அண்ணாச்சி.”

“தூரத்துக்குத்தான் ஒங்கிட்ட குழாய் இருக்கே!”

படத்தில் ஆடுகளின் கண்கள் வெள்ளையாக மின்னின. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கண்ணால் கண்டதே போதும் என்று ஒருமுறையாவது நம்பி வாங்கிவிட்டாள்.

அன்று இருட்டியதும் கேமராவின் லென்ஸைக் கழற்றி, கேமராவைக் குழாயில் பொருத்தி, முற்றத்துக்குக் கொண்டுவந்த டிவியில் இணைத்தாள். திரை முழுக்க வெள்ளை. கேமராவைச் சுற்றியிருந்த சிறு விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைக் குழாய்க்குள் கொட்டிக்கொண்டிருந்தன. ஆட்டின் கண் மின்னியதும் அதனால்தான். விளக்குகள் மேல் கறுப்பு டேப் ஒட்டினாள். இப்போது திரை இருண்டு மூன்று புள்ளிகள் மட்டும் நின்றன. புகை இல்லை. இருட்டைப் பார்க்கிற கேமரா இல்லை இது. கொட்டத்துக்கு விளக்குப் போட்டுப் பார்க்கிற கேமரா.

செல்வகணேஷுக்குப் போன் செய்தாள்.

“வெளிச்சம் பத்தலயா? தனியா ஒரு பெரிய லைட்டு தாரேன். எம்புட்டு தூரம் அடிக்கணும்?”

அவள் போனை வைத்துவிட்டாள்.

வெள்ளைத்தாய் திரையில் மூக்குப் படுகிற அளவுக்கு நெருங்கினாள்.

“எங்கன பாக்கணும்?”

“நடுப்புள்ளியச் சுத்தி.”

வெகுநேரம் பார்த்தாள். “புகை இல்லையேட்டி. எங்கண்ணுக்குத்தான் தெரியலியோ?”

“இல்லம்மா. எனக்கும் தெரியல.”

“அப்பம் சரி.” வெள்ளைத்தாய்க்குப் பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது. “நான் பயந்தே போயிட்டேன்.”

மேற்கே அந்தக் கூட்டத்தின் கடைசி நட்சத்திரமும் அடிவானத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. யோகலட்சுமிக்கு டிவியை அணைக்கக் கை வரவில்லை.