கேட்காமல் விட்ட மெத்தை

நலவாழ்வு மையத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த பதவிப் பெயர் நீளமானது. அதை முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. காது மருத்துவர் எந்தக் கிழமை வருவார், இலவசக் கண்ணாடிக்கு எங்கே போக வேண்டும், குடியை விட நினைப்பவர்கள் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் விவரம் சொல்லிச் சொல்லி, அந்தப் பகுதி முழுக்க அவள் விவரக்கா ஆகிவிட்டாள்.

மையத்தின் பின்னறையில் இரவல் பொருள்கள் இருந்தன. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கட்டிலோரம் வைக்கும் கம்பித் தடுப்பு. காற்று மெத்தை மட்டும் ஒன்றே ஒன்று. அதோடு வரும் சின்ன மோட்டார் மாறி மாறிக் காற்றை ஏற்றி இறக்கி, எழ முடியாதவர்களின் உடம்பு ஒரே இடத்தில் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளும். ஒரு வீட்டுக்குப் போனால் அது திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். அதனால் மையத்தைத் தொடங்கிய மருத்துவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மெத்தையை யாரும் திருப்பிக் கேட்கக் கூடாது. போனில் நலம் விசாரிக்கலாம், நேரில் போய் எட்டிப் பார்க்கக் கூடாது.

“சாவுக்காக வாசல்ல காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி ஆயிடும்மா. அவங்களே கொண்டு வரட்டும்,” என்பார்.

அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் வழக்கம் மாறவில்லை. விவரக்காவுக்கு அதில் பெருமை. மனிதர்களின் துக்கத்துக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்த இடத்தில் வேலை பார்க்கிறோம் என்று நினைத்துக்கொள்வாள்.

பூட்டுக்காரர் வந்து கேட்டபோது மெத்தை ஒரு வேன் டிரைவர் வீட்டில் இருந்தது. டிரைவரின் அம்மாவுக்காக எடுத்துப் போயிருந்தார்கள்.

பூட்டுக்காரரின் மனைவி மாடிப்படியில் தவறி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனவள். பூட்டுக்கடைக்குப் பின்னாலேயே வீடு. சாவி வெட்டும் இயந்திரத்தின் இரைச்சலையும் தாண்டி அவளுடைய குரல் தெருவுக்கு வரும்.

“ஊர்ல இருக்கிற பூட்டையெல்லாம் திறக்கிறேன்மா. இவ வாய்க்கு ஒரு பூட்டு செய்யத்தான் தெரியலை,” என்பார் அவர்.

“செஞ்சாலும் சாவியைத் தொலைச்சுட்டு, எங்கடி வச்சேன்னு என்கிட்டதான் வந்து கேப்பீங்க.”

விவரக்கா முதலில் பார்த்தபோது அவளுடைய இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து மட்டும் இருந்தது. அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னாள். பூட்டுக்காரர் ஒல்லி. ஒற்றை ஆளாகப் புரட்ட முடியாது. எதிரே துணி தேய்க்கும் பெண், சூடான பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து ஓடி வருவாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை. அந்த வீட்டைக் கடவுள் கைவிடவில்லை என்பதற்கு விவரக்கா கண்ட அடையாளம் அவள்தான்.

இருந்தும் தோல் வெடித்துப் புண் குழியாக ஆரம்பித்தது.

“எனக்கு வலிக்கவே இல்லை. நீங்க எல்லாரும் ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க?” என்று சிரித்தாள் படுத்திருந்தவள்.

விவரக்கா வாரம் தவறாமல் டிரைவர் வீட்டுக்குப் போன் செய்தாள். மருமகள்தான் எடுப்பாள்.

“அம்மா எப்படிம்மா இருக்காங்க?”

“இருக்காங்கக்கா. கண்ணு மட்டும்தான் திறக்கிறாங்க. கஞ்சி ரெண்டு வாய் இறங்குது.”

“நல்லாப் பாத்துக்கோங்க.” அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். பூட்டுக்காரரிடம் வந்து, “இன்னும் வரலைண்ணே,” என்பாள். அவருக்கும் புரியும்.

மெத்தை கேட்டு ஒரு மாதம் ஆனபோது, ஒரு நாள் அவர் சாவியை அராவிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்.

“அந்த மெத்தை வரணும்னு தினம் வேண்டிக்கிட்டிருந்தேன்மா. நேத்துதான் உறைச்சுது. அது இங்க வரணும்னா அங்க ஒரு உசுரு போகணும். யாரையோ பெத்த தாய். அதையா நான் கடவுள்கிட்ட கேட்டுக்கிட்டிருந்தேன்? விட்டுட்டேன்.”

விவரக்காவின் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனிதர் என்று மையத்தில் எல்லோரிடமும் சொன்னாள். கேட்டவர்களும் நெகிழ்ந்தார்கள். மெத்தையைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த வாரம், கட்டுப் போடப் போய் வந்த நர்ஸ் கையைக் கழுவிக்கொண்டே, “பூட்டுக்காரர் வீட்டம்மாவுக்கு எலும்பு தெரியுதுக்கா,” என்றாள்.

விவரக்கா அன்றைக்கே வழக்கத்தை மீறினாள்.

டிரைவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. முன்னறையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. மெத்தைமேல் பூப்போட்ட விரிப்பு. அதில் டிரைவர் கால் நீட்டிப் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, நிற்கவும் தெரியாமல் உட்காரவும் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா?”

மருமகள்தான் பதில் சொன்னாள். “அத்தை போயி ரெண்டு மாசத்துக்கு மேல ஆகுதுக்கா.”

“போன வாரம் கஞ்சி குடிக்கிறாங்கன்னு சொன்னியேம்மா.”

“இவருக்கு முதுகு வலி. நாள் பூரா வண்டியில குலுங்கிட்டு வந்து தூக்கமே கிடையாது. இதுல படுத்தாத்தான் கண்ணு மூடுறாரு. கொஞ்ச நாள் கழிச்சுக் குடுத்துடலாம்னு நினைச்சோம். நீங்க போன் பண்ணப்போ வாயில அப்படி வந்துடுச்சு. ஒரு தடவை சொல்லிட்டேன், அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?” அவள் அழுதாள். “யாராவது காத்துக்கிட்டு இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே குடுத்திருப்போம்க்கா. சத்தியமா.”

அவர்களைக் கெட்டவர்கள் என்று நினைக்க விவரக்கா எவ்வளவோ முயன்றாள். நினைத்துவிட்டால் மனசு ஆறியிருக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாதவள் அவள்தானே. டிரைவர் அந்த வலிக்கிற முதுகோடு மெத்தையைச் சுருட்டித் தூக்கி வேனில் ஏற்றினார். பூட்டுக்கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

தேய்க்கும் பெண்ணும் பூட்டுக்காரரும் விவரக்காவுமாக நோயாளியைத் தூக்கி, மெத்தையை விரித்து, மறுபடி படுக்க வைத்தார்கள். மோட்டார் முனகத் தொடங்கியது. பூட்டுக்காரர் முதலில் கைகூப்பினார். அப்புறம் அவர் முகம் மாறியது.

“அந்தம்மா போயிட்டாங்களா? எப்போம்மா? நான் முன்னாடி வேண்டினது பலிச்சிருச்சா?”

நேற்று என்று சொன்னால் அந்தப் பழியைச் சாகும்வரை சுமப்பார். விவரக்கா உண்மையைச் சொன்னாள். தான் போனில் கேட்டதையும் கேட்காததையும் சேர்த்தே சொன்னாள்.

அவர் குனிந்து மோட்டார்மேல் கை வைத்தார்.

“அப்போ நான் வேண்ட ஆரம்பிச்சப்பவே அது சும்மாதான் இருந்துச்சா?”

“ஆமாண்ணே.”

கட்டிலில் இருந்தவள் சிரிக்கவில்லை. “நல்லாத்தான் இருக்கு. நீங்க கடவுள்கிட்ட கேட்டீங்க, இவங்க போன்ல சௌக்கியம் கேட்டாங்க. அந்த வீட்டு வாசப்படி ஏறி, இங்க ஒருத்தி அழுகிக்கிட்டு கிடக்கான்னு சொல்ல மட்டும் ஒருத்தருக்கும் வாய் வரலை. எல்லாரும் ரொம்ப நல்லவங்க.”

தேய்க்கும் பெண் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.  விவரக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், அதுவும் தன் மனசு லேசாக வேண்டும் என்பதற்காகத்தான் என்று தோன்றவே, எழுந்து பழைய விரிப்பை அலசப் போனாள்.

பூட்டுக்காரர் கட்டிலருகே குனிந்தார்.

“மெத்தை சௌகரியமா இருக்கா?”

“எனக்கெப்படித் தெரியும்? நீங்கதான் தொட்டுப் பாத்துச் சொல்லணும்.”

அவர் கையை அவளுக்கு அடியில் மெதுவாக நுழைத்து வைத்துக்கொண்டார்.

“இப்போ ஏறுது,” என்றார். சற்றுப் பொறுத்து, “இப்போ இறங்குது.”