நிரையும் நிரலும்

பகலவன் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் விஜயலட்சுமி தன் பாட்டுக்கு நிம்மதியாகப் பாடம் நடத்திக்கொண்டு இருந்திருப்பாள். கணக்கில் அவளுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்று அவளுக்கே தெரியாமல் காலம் ஓடியிருக்கும். அப்படி ஓடுவது ஒன்றும் குற்றமில்லை. பாதிப் பேருக்கு அப்படித்தான் ஓடுகிறது.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் அவள் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் இருக்கிறது, அதற்குமேல் கேட்கக்கூடாது. அங்கே பி.சி.ஏ. சேருகிற பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்கலாம் என்று ஆசையோடு வருகிறார்கள். கணக்கும் கட்டாயம் என்பது வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. மற்ற எல்லாத் தாளும் தேறி, மூன்று வருடமும் முடிந்து, இந்த ஒரு கணக்கு மட்டும் காலைப் பிடித்துக்கொண்டு விடாமல் கிடப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. அவர்களுக்குக் ‘கற்றல் ஆதரவு வகுப்பு’ நடத்த வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. துறைத் தலைவர் தமிழ்வேந்தன் அதைக் கொண்டுவந்து விஜயலட்சுமியின் மேசையில் வைத்தார்.

"நீங்க பாத்துக்கோங்க மேடம். உங்களுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வகுப்புக்கு அறை கிடைக்கவில்லை. இயற்பியல் ஆய்வகத்தில் உயரமான ஸ்டூல்களில் உட்கார்ந்து கால் தொங்கப் படித்தார்கள். வெள்ளிமலையிலிருந்து வரும் ஷாலினி, மலை பஸ் எப்போது இறக்கிவிடுகிறதோ அப்போது வருவாள். பகலவன் நைனார்பாளையம். அவன் மட்டும் தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பான். அப்பா இருசப்பன் கரும்பு வெட்டப் போகிறவர். பையனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது, ஜூலைக்குள் பட்டம் முடித்த சான்று காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. பழைய பாடத்திட்டத்துக்கு வரப்போகும் தேர்வுதான் கடைசி. இதிலும் போனால் புதுப் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும், ஓசூரும் போய்விடும்.

இந்த வகுப்புக்கென்று விஜயலட்சுமியிடம் ஒரு வித்தை இருந்தது. எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய கட்டங்களை, மேட்ரிக்ஸ் என்கிற அணிகளை, பெருக்கும் கணக்கு தேர்வில் தவறாமல் வரும். அதற்கு அவள் இரண்டு விரல்களைக் கற்றுக்கொடுப்பாள். இடது கை விரல் முதல் அணியின் நிரையில், அதாவது படுக்கை வரிசையில், குறுக்கே நகர வேண்டும். வலது கை விரல் இரண்டாவது அணியின் நிரலில், நெடுக்கு வரிசையில், கீழே இறங்க வேண்டும். இரண்டு விரலும் தொடுகிற எண்களைப் பெருக்கிப் பெருக்கிக் கூட்டினால் முடிந்தது. ஷாலினி ஒரே மத்தியானத்தில் பிடித்துக்கொண்டாள். மற்றவர்களும் தட்டுத் தடுமாறி வந்துவிட்டார்கள். பகலவனின் விரல் மட்டும் நகரவில்லை. அவன் ஒவ்வொரு முறையும் முதல் எண்ணோடு முதல் எண்ணை, இரண்டாவதோடு இரண்டாவதை, அந்தந்த இடத்திலேயே பெருக்கி வைத்தான்.

"இன்னாப்பா, எத்தன வாட்டி சொல்றது?"

"மேடம், கோச்சிக்காதீங்க" என்று பகலவன் எழுந்து நின்றான். "கூட்டும்போது நேருக்கு நேர் கூட்டுறோம். கழிக்கும்போதும் நேருக்கு நேர். பெருக்கும்போது மட்டும் இன்னாத்துக்கு மேடம் ஒண்ணு குறுக்கால போவுது, ஒண்ணு கீழ எறங்குது?"

"அது விதி. அப்படித்தான் போடணும்."

"யாரு வச்ச விதி மேடம்? சும்மா வச்சிருக்க மாட்டாங்க இல்ல?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். விஜயலட்சுமிக்குச் சுர்ரென்று வந்தது. பையன் மடக்கிப் பார்க்கிறான் என்று நினைத்து ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தாள். அவன் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. வழி தெரியாமல் நடுரோட்டில் நிற்கிறவன் முகமாக இருந்தது. "நாளைக்குச் சொல்றேன்" என்று கரும்பலகையை அழித்தாள். அழிக்கும்போதுதான், நாளைக்கும் தனக்குத் தெரியப் போவதில்லை என்று அவளுக்கு உறைத்தது.

எம்.எஸ்சி., எம்.பில்., அதற்குமேல் தகுதித் தேர்வும் தேறியவள். எத்தனை ஆயிரம் அணிகளைப் பெருக்கியிருப்பாள்! ஒரு தடவையாவது ஏன் என்று தோன்றியதா? தோன்றவே இல்லை. அன்று சாயங்காலம் பழைய புத்தகங்களையெல்லாம் இறக்கினாள். எல்லாவற்றிலும் ஒரே பதில்: வரையறை. இப்படி வரையறுக்கிறோம், ஆகவே இப்படி. யூடியூபில் தேடினாள். அம்புக்குறிகள் நாலாபக்கமும் பறந்தன, கட்டங்கள் சாய்ந்தன, உருண்டன. பார்க்கப் பார்க்க, முன்பு தெரிந்ததுகூடத் தெரியாமல் போயிற்று.

மறுநாள் தமிழ்வேந்தனிடம் கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"என் சர்வீஸ்ல ஒருத்தனும் இத கேட்டதில்ல மேடம். அவன் அரியர் பையன். நாப்பது மார்க் வாங்கினா போதும். நீங்க வேற ஏன் கொழப்பிக்கிறீங்க?"

குழப்பிக்கொள்ள வேண்டும் என்று யாராவது வேண்டிக்கொள்வார்களா? அதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது. இளங்கலைக் கணித வகுப்பில் கரும்பலகையில் ஒரு பெருக்கலைப் போட்டுக்கொண்டிருந்தவள், நடுவில் விரல் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று தெரியாமல் நின்றுவிட்டாள். முன்வரிசைப் பெண் எடுத்துக் கொடுத்தாள். விஜயலட்சுமிக்கு அவமானமாக இருந்தது. நடக்கத் தெரிந்தவன் ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்க ஆரம்பித்தால் தடுக்கி விழுவான் இல்லையா, அந்தக் கதிதான் அவளுக்கு.

பகலவன் தினமும் கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. பேசாமல் உட்கார்ந்து, விரலை வைத்து, கொஞ்ச தூரம் நகர்த்தி, நிறுத்தி, அவளைப் பார்ப்பான். மற்ற கணக்குகளுக்கும் அந்த நோய் தொற்றியது. எதை எடுத்தாலும் இது எதற்கு என்று நின்றுவிடுவான். வகுப்புத் தேர்வு வைத்தாள். ஷாலினி அறுபதைத் தாண்டினாள். பகலவன் முன்பு வாங்கிய இருபத்துச் சொச்சமும் போய்ப் பதினொன்றில் வந்து நின்றான். ஆதரவு வகுப்புக்கு வந்ததால் மார்க் குறைந்த ஒரே ஆத்மா அவன்தான்.

தேர்வு நெருங்கியது. பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் இருசப்பன் அவளைப் பார்த்து ஓடி வந்தார். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, எம் புள்ள எப்டிங்க படிக்கிறான்? வூட்ல நோட்ட வச்சிக்கினு சும்மா ஒக்காந்துக்கினே இருக்கறான். எழுதவே மாட்டேங்கறான். இந்த வாட்டி தேறி வந்துடுவானுங்களா?"

"வந்துடுவானுங்க" என்று சொல்லிவிட்டாள். பஸ் வந்ததும் அவர் முகத்தைப் பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.

அடுத்த நாள் வகுப்பு முடிந்ததும் பகலவனை மட்டும் நிறுத்தினாள். அவளுக்கு இருந்த வழி ஒன்றே ஒன்று.

"இங்க பாரு பகலவா. உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல. நெஜமாவே தெரியல. ஆனா உனக்கு வேல வேணும் இல்ல?"

"வேணும் மேடம்."

"அப்ப யோசிக்காத. ஏன், எதுக்கு, ஒண்ணும் வேணாம். மிஷின் மாரி விரல நகத்து. நான் சொல்றது புரியுதா?"

அவன் தலையாட்டினான். உட்கார்ந்து விரலை வைத்தான். குறுக்கே, கீழே, குறுக்கே, கீழே. முதல் கணக்கு சரியாக வந்தது. அடுத்ததும் வந்தது. விஜயலட்சுமி "வெரி குட்" என்றாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை, அடுத்த கணக்குக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அவன் அவளை அந்தப் பார்வை பார்க்கவே இல்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியோடு என்னவோ ஒன்று உறுத்தியது. இரண்டில் எதை நம்புவது என்று தெரியவில்லை.

தேர்வு முடிந்து, மே மாத வெயிலில் ஊர் காய்ந்துகொண்டிருந்த ஒரு நாள், நாத்தனார் குடும்பம் வருவதாகத் தகவல் வந்தது. மாமியார் கொளஞ்சியம்மாளுக்கு இட்லிக்குத் தனி மாவு, தோசைக்குத் தனி மாவு. ஒன்றாக அரைத்தால் ஒத்துக்கொள்ள மாட்டார். அதில் விஜயலட்சுமிக்குக் கடுப்பு உண்டு.

"நாளைக்கு இட்லி ஜாஸ்தி, தோச கம்மி. மறுநாளு தோசதான் ஜாஸ்தி" என்றார் மாமியார். "ரெண்டு நாளைக்கும் சேத்து அரிசி எவ்ளோ, உளுந்து எவ்ளோன்னு பாத்து எடுத்து வை. நீதான் கணக்கு டீச்சராச்சே."

விஜயலட்சுமி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். நாளைக்கு எவ்வளவு அரிசி? நாளைய இட்லிக்கு இட்லி அரிசி, நாளைய தோசைக்குத் தோசை அரிசி, இரண்டையும் கூட்டு. உளுந்துக்கும் அப்படியே. மறுநாளுக்கும் அப்படியே.

கை பானைக்குள்ளேயே நின்றது.

நாளைக்கு இத்தனை இட்லி, இத்தனை தோசை. அது ஒரு நிரை. இட்லிக்கு இவ்வளவு அரிசி, தோசைக்கு இவ்வளவு அரிசி. அது ஒரு நிரல், உளுந்து அடுத்த நிரல். நாளைக்கான அரிசி வேண்டுமானால் நாளில் குறுக்கே போக வேண்டும், அரிசியில் கீழே இறங்க வேண்டும். வேறு வழியே இல்லை! பகலவன் செய்ததுபோல் நேருக்கு நேர் பெருக்கினால், நாளைய தோசையைக் கொண்டுபோய் இட்லியின் உளுந்தோடு பெருக்க வேண்டி வரும். அதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

"அத்தை!" என்று கத்தினாள். "கெடச்சிடுச்சு!"

"இன்னாடி, அரிசில பூச்சியா?"

விஜயலட்சுமி சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். உடனே பகலவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. போனில் சொல்கிற விஷயமா இது, நேரில் பலகையில் போட்டுக் காட்டுவோம் என்று விட்டுவிட்டாள். அவன் முகம் எப்படி மாறும் என்று நினைத்து நினைத்து, அரைத்த மாவை இரண்டு தடவை கரைத்தாள்.

ஜூன் கடைசியில் முடிவு வந்தது. பகலவன் நாற்பத்து மூன்று. மறுநாளே ஒரு டப்பா மைசூர்பாகோடு துறை வாசலில் வந்து நின்றான். முடி வெட்டி, புதுச்சட்டை போட்டு, வேறு ஆள் மாதிரி இருந்தான்.

"பாஸ் ஆயிட்டேன் மேடம். ஞாயித்துக்கெழம ஓசூர் கெளம்பறேன்."

"உள்ள வா, உள்ள வா. மொதல்ல உக்காரு" என்று அவள் சாக்பீஸைத் தேடி எடுத்தாள். "உன் டவுட்டுக்குப் பதில் கெடச்சிடுச்சு."

"எந்த டவுட்டு மேடம்?"

"அதான், பெருக்கும்போது ஏன் குறுக்கால போவணும், ஏன் கீழ எறங்கணும்னு கேட்டியே?"

அவன் யோசித்தான். நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தான்.

"நான் அந்த மாரி கேட்டனா மேடம்?" என்று வெட்கத்தோடு சிரித்தான். "அப்பல்லாம் எம் மண்ட சரியா வேல செய்யல. நீங்க யோசிக்காதன்னு சொன்னீங்க பாருங்க, அதான் மேடம் என்னைக் காப்பாத்துச்சு. இனிமே எங்க போனாலும் அப்டித்தான். ஏன் எதுக்குன்னு கேட்டுக்கினு நிக்காம, சொன்னத செஞ்சிட்டுப் போய்க்கினே இருக்கப் போறேன்."

சாக்பீஸ் அவள் கையில் இருந்தது. பலகையில் இட்லி என்று எழுத ஆரம்பித்திருந்தாள்.

"இல்லப்பா" என்றாள். "உன் மண்ட அப்பத்தான் சரியா வேல செஞ்சுது."

தன்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து அவன் வாய்விட்டுச் சிரித்தான். கும்பிட்டுவிட்டு, வெளியே பைக்கில் காத்திருந்த நண்பனிடம் ஓடினான்.

பையன் பிழைத்துக்கொண்டான், சந்தோஷப்பட வேண்டிய நேரம். விஜயலட்சுமிக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தமிழ்வேந்தன் உள்ளே வந்து டப்பாவைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"பகலவனா? பாஸா? பாத்தீங்களா மேடம், உங்க ஆதரவு வகுப்பு நல்லா வேல செய்யுது."

"ஆமாங்க சார்" என்று சொல்லிவிட்டு விஜயலட்சுமி பலகையைத் துடைத்தாள்.